நாலு விரல் வாசல்

1996ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸில் வந்து இறங்கி தாழமடுவு ஊருக்குள் நுழைந்த லூர்து மேரி, அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் ஏழு மாதம் அந்த ஊர் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டப் பிடிக்காமல் இல்லை, கால் போகவில்லை. திண்டிவனத்திலிருந்து பதினான்காவது கிலோமீட்டரில், தார்ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் இடத்தில் ஒரு ஒற்றைப் பனை நிற்கிறது. அந்தப் பனை வரைக்கும் எல்லோரையும் போல நடப்பாள். அடுத்த அடியை எடுத்து வைத்தால் முகம் ஊரைப் பார்த்து இருக்கும். திரும்பியதாக அவளுக்கே தெரியாது. சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், சைக்கிள் போயிற்று, அவள் பனைக்கு உள்பக்கம் நின்றிருந்தாள். பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தார்கள். பஸ் பனையைத் தாண்டியதும் சீட் காலியாக இருந்தது, கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டோடு அவள் ரோட்டோரம் நின்றிருந்தாள். மாட்டு வண்டியில் கயிறு போட்டுக் கட்டிக்கூடப் பார்த்தார்கள். கட்டு அவிழாமல் கயிறு மட்டும் திண்டிவனம் போய்ச் சேர்ந்தது.

அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஈஸ்டர் கழித்துக் கோயிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது ஓலை பாக்கி. மாப்பிள்ளை ஆரோக்கியராஜ் திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். அந்த வியாழக்கிழமை அவள் கல்யாணப் புடவை எடுக்கத்தான் போயிருந்தாள். ஊரில் மற்ற எல்லோரும் அன்றைக்குச் சூசையப்பர் கோயில் முன்னால் உட்கார்ந்து, வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1993இல் ஏரி உடைந்து தாழமடுவில் ஏழு பேர் போனார்கள். அதில் மேரியின் அம்மாவும் ஒருத்தி. இரண்டு வருஷம் கழித்து ஸ்டீபன்ராஜ் என்று ஒருவர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்தார். தொண்டு நிறுவனம். வெள்ளத்தை நிறுத்த முடியாது, ஆனால் அது வரும்போது யார் எங்கே இருக்க வேண்டும் என்று ஊரே கூடி முடிவு செய்யலாம் என்றார். ஊர் அவரை ஆறு மாதம் நம்பவில்லை. டீ மட்டும் கொடுத்தது. ஏழாவது மாதம் மேரியின் அண்ணன் சவுரிராயன் குழுத் தலைவராக ஒப்புக்கொண்ட பிறகுதான் வேலை நடந்தது. கோயில் முன்னால் சாணி தெளித்து மெழுகிய தரையில், முப்பது அடிக்கு முப்பது அடி, ஊரின் படம். கோலம் போடத் தெரிந்த பெண்கள் இருக்கும்போது பேப்பர் எதற்கு என்று ஸ்டீபன்ராஜே சொன்னார். வெள்ளை மாவில் ஊர் எல்லை, சிவப்பில் தெருக்கள், மஞ்சளில் வீடுகள். ஏரியையும் அது உடைந்தால் தண்ணீர் வரும் பாதையையும் நீலத்தில், எல்லைக்கு வெளியே போட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெண் வந்து எல்லைக் கோட்டில் ஒரு முழம் இழுக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. அப்போதுதான் இது எல்லோருடைய திட்டமாகும் என்றார்.

பிறகு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. அவரவர் கொட்டையை அவரவர் வீட்டில் வைக்க வேண்டும். அவர் விசில் ஊதினால் வெள்ளம் வந்துவிட்டது என்று அர்த்தம். அவரவர் கையாலேயே கொட்டையை எடுத்து, தெரு வழியாக நகர்த்தி, பனை இருக்கும் ரோட்டு வாய் வழியே வெளியே கொண்டுபோய், மேட்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மேரி ஊரில் இல்லாததால் அவள் கொட்டையைச் சவுரிராயன் வைத்தார். விசில் ஊதியதும் முந்நூற்றுப் பதினோரு கொட்டைகள் வெளியே போயின. அவரவர் கொட்டையை அவரவர்தான் எடுக்க வேண்டும் என்பதால் மேரியுடையதை யாரும் தொடவில்லை. எல்லாம் நன்றாக முடிந்தது என்று கை தட்டினார்கள். கலையும் நேரத்தில்தான் சவுரிராயன் மனைவி ஜெயம் அந்தக் குறையைப் பார்த்தாள். எல்லைக் கோட்டில் ரோட்டு வாய்க்காக நாலு விரல் அகலம் திறந்து கிடந்தது. ஊரிலேயே நல்ல கோலக்கை ஜெயத்துடையது. இழை சேராத கோலத்தை விட்டுவிட்டு எழுந்துபோக அவளால் முடியாது. வாய் திறந்த கோலம் வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவள். வழி என்பதற்காக விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தும், திட்டம்தான் முடிந்துவிட்டதே என்று ஒரு சிட்டிகை மாவை எடுத்து நாலு விரலையும் மூடினாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்து ஐந்து மணி பஸ் வந்தது. மேரி புடவைப் பையோடு உள்ளே வந்தாள்.

இதெல்லாம் ஊருக்குப் புரிய ஒன்பது வருஷம் ஆயிற்று. அதுவரை அவளுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்றார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தார். மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்வந்த பெரியவர் மண்ணாங்கட்டி குங்குமம் கொண்டுவந்து கொடுத்தார். மேரி இரண்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டாள். தரையில் போட்ட படம் ஐப்பசி மழையிலும் அழியவில்லை. அதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை, கடையில் வாங்கிய அந்த மாவு நல்ல மாவு என்று பேசிக்கொண்டார்கள். மேரியின் புளியங்கொட்டை வைத்த இடத்திலேயே முளைத்து ஒரு சாண் வளர்ந்தது. அதற்கு மேல் ஒன்பது வருஷமாகியும் வளரவில்லை. ஒருநாள் அதைப் பிடுங்கப் பார்த்தபோது அவளுடைய இரண்டு கணுக்காலும் சுளுக்கிக்கொண்டதால் விட்டுவிட்டாள்.

ஆரோக்கியராஜ் ஓடிப்போவான் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் மூன்றாவது ஓலையை வாசிக்கச் சொன்னான். கல்யாணம் தாழமடுவிலேயே நடந்தது, திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை மட்டும் கடைக்குப் போனான். சனிக்கிழமை சாயங்காலம் வருவான், திங்கள் காலையில் போவான். 1998இல் வெனிலா பிறந்தாள். அவளுக்கு இந்தப் பேஜாரு எதுவும் இல்லை, கொட்டை வைக்காதவள் ஆயிற்றே. மூன்று வயதில் பனையைத் தாண்டி ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்து, அம்மா ஏன் வரவில்லை என்று அழுதாள். ஐந்து வயதில் திண்டிவனத்துக் கான்வென்ட்டில் சேர்த்தார்கள். மகள் முதல் நாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஏறியதைப் பனைக்கு உள்ளே நின்று பார்த்ததோடு சரி. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மாடி என்பதுகூட மேரிக்குக் கேள்விப்பட்டதுதான்.

திண்டிவனம் அவளுக்குக் காது வழியாக வந்தது. செல்போன் வந்த புதிதில் ஆரோக்கியராஜ் ஒன்றைச் சரிசெய்து அவளிடம் கொடுத்தான். தினமும் பத்து மணிக்குக் கூப்பிடுவான். பேச ஒன்றும் இல்லாத நாளில், கேட்டுக்கோ என்று சொல்லிவிட்டு போனைக் கடைக்கு வெளியே நீட்டிப் பிடிப்பான். செஞ்சி செஞ்சி செஞ்சி, வந்தவாசி வந்தவாசி என்று பஸ்காரர்கள் கத்துவது கேட்கும். கேட் சாத்தும் மணி கேட்கும். எதிர்க்கடையில் மல்லாட்டைக் கடலை வறுக்கும் மணலின் சரசரப்பு கேட்கும். அடுப்பில் குழம்பு கொதிக்க, அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. ஜெயம் சிரித்ததில்லை.

2005 கார்த்திகையில் ஏரி மறுபடியும் உடைந்தது. காணை, கோலியனூர் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர். தாழமடுவுக்கு வந்த தண்ணீர் எல்லையில் நின்றுவிட்டது. கண்ணாடி வைத்ததுபோல மார்பளவு உயரத்தில், ஊரைச் சுற்றி நின்றது. அந்தத் தண்ணீருக்குள் கெண்டை மீன் நீந்துவதைப் பிள்ளைகள் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நாலாம் நாள் ஸ்டீபன்ராஜ் டிராக்டரில் வந்தார், தலை நரைத்திருந்தது. தண்ணீர் நின்ற கோட்டைச் சுற்றி நடந்து பார்த்தார், நேரே கோயில் முன்னாலிருந்த படத்துக்குப் போனார், அந்தப் படத்தில் ரோட்டு வாய் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். "இத யாரு மூடுனது?" என்றார். ஜெயம் அந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

அவர் கையால் தேய்த்துப் பார்த்தார், அழியவில்லை. மேரி தேய்த்தாள், அழியவில்லை. போட்ட கைதான் அழிக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, ஜெயம் ஆள்காட்டி விரலை வைத்தாள். ஒரு துளி மாவு விரலோடு வந்தது. அதே சமயம் பனைமரத்தருகே இருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள், எல்லையில் ஊசித் துவாரம் விட்டதுபோலத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது என்று. ஜெயம் பதறி அந்த மாவைத் திரும்ப வைத்தாள். தண்ணீர் நின்றது. தாழமடுவில் யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கூட்டம் போட்டார்கள். ஸ்டீபன்ராஜ் திறந்துவிடச் சொன்னார். உள்ளே வராத தண்ணீர் இருக்கலாம், வெளியே போகாத தண்ணீர் ஆபத்து, மழை மேலிருந்தும் பெய்யும் என்றார். அது யார் காதிலும் ஏறவில்லை. சுற்றுவட்டாரத்தில் நூறு ஊர் மூழ்கியபோது நம் ஊர் மட்டும் நனையாமல் நின்றதே என்ற சந்தோஷம் அப்படி. மேரி எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"நான் ஒண்ணும் பெருசா கேக்கல. எம் புருஷன் கடைய ஒரு தரம் பாக்கணும். எம் பொண்ணு ஸ்கூல பாக்கணும். அவ்ளோதான். வெயில் காலத்துல தெறந்துட்டு மழைக்கு முன்ன மூடிக்கோங்களேன்."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் திறந்த வாயை மறுபடி மூடினால் முன்போல நிற்குமா என்று மண்ணாங்கட்டி கேட்டார். மனிதர் கெட்டவர் இல்லை, '93இல் இரண்டு பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவர் கேட்ட பிறகு எல்லோருக்கும் அன்றைக்குச் செத்த ஏழு பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். திறக்க வேண்டாம் என்று நூற்றுப் பன்னிரண்டு கை. சவுரிராயன் கையும் அதில் இருந்தது. "நம்ம அம்மாவ நெனச்சிக்கோ மேரி" என்றார். திறக்கலாம் என்று ஒரு கை. ஜெயம் இரண்டுக்கும் தூக்காமல் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆக, ஊரே கூடிப் போட்ட திட்டம் என்றால் அதுதான்.

அதன் பிறகு ஊர் அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. திண்டிவனம் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பமாட்டார்கள், மேரிக்கென்று பூ, அல்வா, சீப்பு, காலண்டர். விழுப்புரத்தில் பொருட்காட்சி போட்டால் அங்கிருந்து ஒரு கண்ணாடி வளையல். திருவிழாவில் தேர் முதலில் அவள் வாசலில் நிற்கும். அவளுக்கு அதெல்லாம் வாய்க்கரிசி மாதிரி இருந்தது. கூண்டுக் கிளிக்குக் கோவைப்பழம் கொடுப்பதில் ஊர்க்காரர்களுக்கு என்ன நஷ்டம்? அல்வாவைப் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்துவிட்டு, தினமும் காலையும் மாலையும் எல்லைக் கோட்டை ஒட்டி ஒரு சுற்று நடப்பாள். எந்த இடத்தில் தரை மேடு, எந்த இடத்தில் பள்ளம், எங்கே எறும்புப் புற்று என்பதெல்லாம் அவளுக்குப் பாதத்தால் தெரிந்தது. அப்படித்தான் 2009இல் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். வல்லம் பக்கமெல்லாம் போர் போட்டும் தண்ணீர் இல்லை என்று அழுதுகொண்டிருக்க, தாழமடுவில் கிணற்றுத் தண்ணீரைக் குனிந்து கையால் மொள்ள முடிந்தது. கேப்பை போட்ட கொல்லையில் நெல் போட்டார்கள், மூன்று போகம் எடுத்தார்கள். சூசையப்பர் ஆசீர்வாதம் என்றார்கள். பெய்தது எதுவும் போகவில்லை, ஊருக்கு அடியில் நிற்கிறது என்று மேரி அண்ணனிடம் சொன்னாள். நீ எதுக்கு இதச் சொல்றேன்னு எனக்குத் தெரியாதாம்மா, என்று அவர் சிரித்தார். அன்றைக்குத்தான் அவளுக்கு ஒன்று விளங்கியது. இனிமேல் தண்ணீரைப் பற்றி அவள் எதைச் சொன்னாலும் அது வெளியே போகப் போட்ட தூண்டிலாகத்தான் இந்த ஊருக்குத் தெரியும்.

2011 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போன் வரவில்லை. பதினொரு மணிக்கு வெனிலாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு நெஞ்சுவலி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றாள். மேரி ஓடினாள். பனை வரை ஓடினாள், திரும்பி நின்றாள், மறுபடி ஓடினாள். பதினேழு தடவை என்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எண்ணியிருக்கிறார்கள். பிறகு அண்ணன் வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் திறந்தால் போதும் என்றாள். குழு கூடியது. வெளியே வயலெல்லாம் முழங்கால் தண்ணீர், ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. "ரெண்டு நாள் பொறுத்துக்கோம்மா. தண்ணி வடிஞ்சதும் நானே தெறக்கச் சொல்றேன்" என்றார் சவுரிராயன். தங்கை முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை, தூணைப் பார்த்துச் சொன்னார். ஆரோக்கியராஜுக்கு இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. வியாழக்கிழமை அவன் உடம்பு பனையைத் தாண்டி உள்ளே வந்தது. ஊர்க் கல்லறையில் வைத்தார்கள். வருகிறவர்களுக்கு இந்த ஊரில் எப்போதும் தடை இருந்ததில்லை.

மேரி யாரையும் திட்டவில்லை. அண்ணனிடம் பேசுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். வீட்டை விட்டுவிட்டு, பனைக்கு உள்பக்கம் சிறுபாலத்தின் ஓரம் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். பஸ் போவதையாவது பார்க்கலாம். குழு அதற்கும் ஒரு திட்டம் வைத்திருந்தது. 'எச்சரிக்கைக் குழு: லூர்து மேரி' என்று ஒரு தகரப் பலகை எழுதி அந்தக் குடிசையில் மாட்டியது. பனை சரியாக எல்லையின் மேலேயே நின்றது, பாதி உள்ளே, பாதி வெளியே. ஒவ்வொரு மழைக்கும் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று அவள் அரிவாளால் மரத்தில் வெட்டி வைத்தாள். அது குழுவுக்காகச் செய்த வேலை இல்லை. சிறையில் இருப்பவன் சுவரில் கோடு போடுவது யாருக்காக?

2015 ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை. இந்தத் தடவை தாழமடுவு வெளித்தண்ணீருக்குப் பயப்படவில்லை, பத்து வருஷமாக ஒத்திகையும் பார்க்கவில்லை. மேட்டுப் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. ஆனால் கிணறுகள் வழிந்தன. ஊருக்கு அடியில் பத்தொன்பது வருஷமாக நின்றது மேலே வந்தது, வானத்திலிருந்து வந்ததும் அதோடு சேர்ந்தது. புதன்கிழமை கணுக்கால், வியாழன் இடுப்பு. வெள்ளிக்கிழமை காலையில் சனங்கள் ஆடு, கோழி, குழந்தைகளோடு கோயில் மொட்டை மாடியில் ஏறினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று நினைத்தபோது ஏரியும் உடைந்தது. உள்ளே ஒரு குளம், வெளியே ஒரு கடல். அவர்களைப் பனைக்கு அப்பால் போகவிடாமல் எந்தக் கோடும் தடுக்கவில்லை, தண்ணீர் தடுத்தது. முந்நூறு பேருக்கும் அன்றைக்குத்தான் மேரியின் கால் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

மேரி தனியாகச் சிறுபாலத்துக் கட்டையின் மேல் நின்றிருந்தாள். குடிசை போய்விட்டது. புடவை முடிச்சில் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆரோக்கியராஜ் கொடுத்த போன். மத்தியானம் இரண்டு மணிக்கு அது அடித்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் குரல்.

"மேரி, அண்ணன் பேசுறேம்மா. இங்க மாடிப்படி வரைக்கும் வந்துடிச்சி. கோட்டத் தெறந்துட்டா உள்ள இருக்கறது போயிடும்னு எல்லாம் சொல்றாங்க. ஜெயம் ரெடியா நின்னுக்கினு கீறா. இங்கேர்ந்து வெளிய எவ்ளோ நிக்குதுன்னு தெரியல. நீ சொல்லு, தெறக்கவா?"

அவள் பனையைப் பார்த்தாள். தலைக்கு மேல வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று பழமொழி சொன்னவர் தாழமடுவுக்கு வந்ததில்லை. உள்ளே தண்ணீர், அவள் வெட்டியதில் கீழிருந்து ஆறாவது கோட்டில் நின்றது. வெளியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதைவிட ஒரு முழம் மேலே, செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய வேலமரத்தைச் சுழற்றிக்கொண்டு போனது. திறந்தால் அந்த ஒரு முழம் ஒரே மூச்சில் உள்ளே விழும். மொட்டை மாடி நிற்காது. அவள் நிற்கிற கட்டை உயரம், பனை பக்கத்தில், அவள் பிழைத்துக்கொள்வாள். திற என்று ஒரு சொல். வேறு எதுவும் செய்ய வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகு நடந்தே திண்டிவனம் போகலாம். யாராவது கேட்டால் மழையில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்பதற்கும் யாரும் இருக்கமாட்டார்கள். இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று சொல்ல அவள் மாதா சுரூபம் இல்லை, மனுஷி. தூணைப் பார்த்து இரண்டு நாள் பொறு என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது. போனில் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. அதற்குப் பின்னால் குழந்தைகள் அழுவது, யாரோ செபமாலை சொல்வது, ஒரு ஆடு கத்துவது. காதால் ஓர் ஊரைக் கேட்டுப் பழகியவள். அந்த மாடியில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்றுகூட அவளால் சொல்லியிருக்க முடியும்.

"மேரி? லைன்ல கீறியா?"

"வேணாண்ணே" என்றாள். "தெறக்காதீங்க. வெளிய ஒரு மொழம் ஒசரமா கீது. தெறந்தா எல்லாரும் பூடுவீங்க."

"வேற இன்னாதான் பண்றது?"

"பொறுத்துக்கோ. வெளித்தண்ணி ஓடற தண்ணி, வடியும். நான் பாத்துக்கினே கீறேன். நானா போன் பண்ற வரைக்கும் யாரும் பண்ணாதீங்க, சார்ஜ் ரெண்டு புள்ளிதான் கீது."

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்தபோதும் அவள் அதே கட்டையில் பனையைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தாள். உடம்பு விறைத்துப் போயிருந்தது. வெளியே தண்ணீர் நாலாவது கோட்டுக்கு இறங்கியிருந்தது. உள்ளே எட்டாவது கோடு. எட்டரை மணிக்கு அவள் போன் செய்தாள். இப்போது திறக்கலாம், ஜல்தி, என்றாள். அத்தோடு சார்ஜ் தீர்ந்தது.

மாடியில் அந்தச் செய்தியைச் சவுரிராயன் சொன்னதும் எல்லோருடைய கண்ணும் மண்ணாங்கட்டியிடம் போயிற்று. பழக்கதோஷம். அவரும் வாயைத் திறந்தார்.

"அவ வெளிய போவணும்னு சொல்றாளோ இன்னாமோ."

ஜெயம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பத்து வருஷத்துக் கூட்டங்களில் எதற்கும் கை தூக்காதவள். "வெளிய போவணும்னா நேத்தே சொல்லியிருப்பா" என்றாள். "நேத்து மத்தியானம் அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா இப்ப பேசறதுக்கு உங்களுக்கு வாய் இருந்திருக்காது பெரியவரே."

குழு கூடவில்லை, கை தூக்கச் சொல்லவில்லை. ஜெயம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். படம் இரண்டு ஆள் ஆழத்தில் கிடந்தது. சவுரிராயன் அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை முங்கி எழுந்தாள், இடம் தெரியவில்லை என்றாள். இரண்டாவது தடவை புளியங்கன்று கையில் பட்டது, அதிலிருந்து தெருவைத் தடவிக்கொண்டே ரோட்டு வாய் வரைக்கும் போனாள். மூன்றாவது தடவை நாலு விரலையும் வைத்துத் தேய்த்தாள். மேலே வந்தபோது அவள் விரல் நுனிகள் வெள்ளையாக இருந்தன.

பனையருகே கண்ணாடி உடைந்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. உள்தண்ணீர், பந்தி முடிந்து எழுகிற கூட்டம்போல, அவசரமில்லாமல் ரோட்டு வாய் வழியாகக் கிளம்பியது. பத்தொன்பது வருஷத்து மழை மூன்று நாள் போயிற்று. ரோடு தெரிய ஆரம்பித்ததும் மேரி கட்டையிலிருந்து இறங்கி அதோடு நடந்தாள். பனைக்கு அப்பால் பத்தடி போய்த் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். ஊர் முதுகுப் பக்கம் இருந்தது. அவள் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து, ஆரோக்கியராஜ் செத்தபோது அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

நாலாம் நாள் முதல் பஸ் ஓடியது. அவள் திண்டிவனத்தில் இறங்கினாள். வெனிலா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருந்தாள், நர்சிங் படிப்பில் சேர்ந்த வருஷம். மகள் கையைப் பிடித்துக்கொண்டு, வழி சொல்லாதே என்று சொல்லிவிட்டு, மேரி கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். செஞ்சி செஞ்சி என்ற சத்தத்தை இடப்பக்கம் விட்டு, கேட் மணி வந்த திசையில் திரும்பி, மல்லாட்டை வறுக்கும் சரசரப்பு நேர் எதிரே கேட்ட இடத்தில் நின்று, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கண்ணைத் திறந்தாள். முன்னால் ஒரு ஷட்டர் மூடிக் கிடந்தது. அதன்மேல் பாதி உரிந்த பெயின்ட்டில் ஆரோக்கியராஜின் பெயர் இருந்தது. இதைவிடப் பெரிய கடையென்று நினைத்திருந்தேன் என்றாள்.

இப்போது தாழமடுவில் எந்த வாசலிலும் பெண்கள் கோலத்தை முழுசாக மூடுவதில்லை, நாலு விரல் விட்டுவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து மருமகளாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார்கள். மழைக்காலத்தில் ஊருக்குள் கணுக்கால் தண்ணீர் வருகிறது, இரண்டு நாளில் போய்விடுகிறது. மாசி மாதம் ஒத்திகை உண்டு. அன்றைக்கு ஊரில் இல்லாதவர்களின் பெயரை முதலில் வாசித்து, அவர்கள் கொட்டையைச் சவுரிராயனே தன் கையால் வெளியே வைக்கிறார். புளியங்கன்று மரமாகிக் கோயில் மாடியைத் தாண்டிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு லூர்து மேரி திண்டிவனத்திலிருந்து வருகிறாள். புருஷன் கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்துகிறாள், அண்ணன் வீட்டில் சாப்பிடுகிறாள், ஜெயம் இரண்டாவது தடவையும் குழம்பு ஊற்றுகிறாள். விருந்தாளி யார் வந்தாலும் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன் என்று கெஞ்சுகிற ஊர் அது. ஐந்து மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் அவள் எழுந்திருப்பாள். பையை ஜெயம்தான் எடுத்துக் கொடுப்பாள். பனை வரைக்கும் எல்லோரும் கூட வருவார்கள். அவளை மட்டும் யாரும் இரு என்று சொல்வதில்லை.